இந்தக் கை உங்களுடையது அல்ல

இணைப்பு வரவில்லை என்று புகார் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தங்கள்மேல் தப்பில்லை என்று நிரூபிப்பதில்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது, குழந்தைகள்கூடக் கிட்டே போகவில்லை, மழை பெய்ததா பாருங்கள், அதனால்தான் இருக்கும் என்பார்கள். மெஹருன்னிசா பதினொரு வருடமாக இதைக் கேட்டுவருகிறாள். தில்லைநகர் ஒன்பதாவது கிராஸில் மாடி வீட்டு டாக்டர் ரங்கமன்னார் அப்படி எதுவும் சொல்லவில்லை. கதவைத் திறந்தவர், அவளுடைய காதுக்குப் பின்னால் எங்கோ பார்த்தபடி, "இன்ஸ்பெக்டர் நீங்கதானா? மிஷின் கொண்டு வந்திருக்கீங்கல்ல?" என்று கேட்டார்.

அவள் தோளில் தொங்கிய சோதனைக் கருவியைத்தான் கேட்டார். சரிபார்ப்புப் பிரிவு ஆட்களிடம் மட்டும் இருக்கும் கருவி அது. அப்படி ஒன்று இருப்பதே வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது.

எட்டு நாளில் அந்த வீட்டிலிருந்து வந்த மூன்றாவது புகார் இது. முதல் இரண்டு தடவையும் தென்னிணை நிறுவனத்தின் லைன்மேன்கள் வந்து கேபிள் சரி, மோடம் சரி, பச்சை விளக்கு எரிகிறது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நாலு வரி தட்டிக் காட்டுங்கள் என்று கேட்டபோது, தலைவலி என்று சொல்லி இரண்டு பேரையும் அவர் அனுப்பிவைத்திருக்கிறார். ஒரே வீட்டிலிருந்து மூன்று புகார் வந்தால் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து ஆள் போக வேண்டும். மேற்பார்வையாளர் சேவியர் காலையிலேயே கூப்பிட்டு, அவர் எக்ஸ்ரே படம் பார்க்கிற டாக்டர், வீட்டிலிருந்தபடியே நாற்பது ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ரிப்போர்ட் எழுதுகிறவர், தாமதம் பண்ணாமல் போ என்று சொல்லியிருந்தார்.

முன்னறையிலேயே கம்ப்யூட்டர் இருந்தது. மருத்துவப் படம் பார்ப்பதற்கென்றே செய்த பெரிய திரை. மெஹர் வழக்கமான வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்தாள். மோடத்தை அணைத்துப் போட்டாள். கேபிளைக் கழற்றித் தன் கருவியில் செருகினாள். கருவி உடனே இணைந்தது. வேகமும் குறைவில்லை. மறுபடி கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகியதும் திரையில் சிவப்புப் பட்டை வந்து நின்றது. லைனில் கோளாறு இல்லை என்பது அதோடு தெரிந்துவிட்டது. உட்காருகிற ஆளை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது கம்ப்யூட்டர்.

"உட்கார்ந்து, திரையில வர்ற பத்தியைத் தட்டுங்க சார்" என்றாள்.

கைநடை வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. குரலையும் முகத்தையும் விரல்ரேகையையும் யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்துவிடலாம் என்று ஆன பிறகு, ஒரு பெயரில் உட்கார்ந்திருப்பது அந்த ஆள்தானா என்பதற்குக் கை தட்டுகிற விதம் மட்டுமே சாட்சியாக மிஞ்சியது. எந்த எழுத்துக்குப் பிறகு விரல் தயங்குகிறது, எந்தக் கட்டைவிரல் இடைவெளியை அழுத்துகிறது, மவுஸ் எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் ஆளைத் தெரிந்துகொள்ளும். தெருக்கோடியில் வருகிறவரை நடையை வைத்து அடையாளம் காண்பதைப் போல. வீட்டு இணைப்பு, பாங்கி, ரயில் டிக்கெட் எல்லாம் கையைப் பார்த்துத்தான் திறக்கும். ஒரு பெயருக்கு ஒரு கை, ஒரு கைக்கு ஒரு பெயர். அதற்கு மேல் அனுமதி இல்லை.

ரங்கமன்னார் உட்கார்ந்தார். ஆறடிக்குக் குறையாத ஆள். நாற்காலி தாழ்வாக இருந்ததால் முழங்கால் மேசையில் இடித்தது. ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் நீட்டி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். பத்தி முடிவதற்குள் கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. 'இந்தக் கை உங்களுடையது அல்ல' என்று திரையில் வந்தது.

"பார்த்தீங்களா? எட்டு நாளா இப்படித்தான்" என்றார்.

தோள்வலி இருந்தாலோ, புது மாத்திரை சாப்பிட்டாலோ, கீபோர்டை மாற்றினாலோகூட இப்படி ஆவதுண்டு என்று மெஹர் சொன்னாள். அவர் உடனே பிடித்துக்கொண்டார். ஆமாம், கீபோர்டு மாற்றினோம், போன மாதம்தான் என்றார்.

மெஹர் கீபோர்டைத் தூக்கிச் சாளர வெளிச்சத்தில் பிடித்தாள். பல எழுத்துகள் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. பத்து விரல்களையும் வைத்துத் தட்டுகிறவருக்குத்தான் அப்படிச் சீராகத் தேயும். இடைவெளிப் பட்டையின் இடதுபக்கம் மட்டும் பளபளத்தது. தினமும் மணிக்கணக்காக ஒருவர் இடது கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். நாற்காலியின் உயரம் ஐந்தடிக்குச் சற்று மேற்பட்ட ஒருவருக்கு ஏற்றது. ரங்கமன்னார் இந்த இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் இல்லை.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மனைவி தமயந்தி இருக்கிறாள், கும்பகோணத்தில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்றார். எப்போது போனார்கள் என்றதற்குப் பதினொரு நாள் ஆயிற்று என்றார். பதினொரு நாள் கல்யாணமா என்று மெஹர் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள். அவர் எழுந்திருப்பதற்குள், நானே எடுத்துக்கிறேன் சார் என்று சமையலறைக்குள் போனாள்.

ஓட்டல் பார்சல் டப்பாக்கள் மேடையெங்கும் கிடந்தன. அடுப்பில் பால் பொங்கிக் கருகியிருந்தது. துடைத்தவர் பாதியைத்தான் துடைத்திருந்தார். மீதி கண்ணுக்குப் படவில்லை போலிருந்தது. கதவோரத்தில் ஒரு ஜோடி பெண் செருப்பு. அதற்குப் பக்கத்து அறை பூட்டியிருந்தது.

நேராக முகம் பார்த்துப் பேசாத மனிதர். பூட்டிய அறை. எட்டு நாளாக ஒரு பெண்ணின் கைக்காகக் காத்திருக்கும் கம்ப்யூட்டர். தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். வெளிக்கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கதவுப் பக்கமாகவே நின்றபடி கருவியில் டாக்டரின் பெயரைத் தேடினாள்.

கடைசியாக எப்போது அந்தப் பெயர் திறந்தது என்று பார்ப்பதற்காகத்தான் தேடினாள். இன்று காலை எட்டு மணி ஐந்து நிமிடம் என்று கருவி காட்டியது. இப்போதும் திறந்தே இருந்தது. காலையிலிருந்து முப்பத்தொரு படம் பார்த்து ரிப்போர்ட் போயிருக்கிறது. கைநடைப் பொருத்தம் சரி. பதிவான நாளிலிருந்து இருந்த அதே கை. இணைப்பு மட்டும் இந்த வீட்டிலிருந்து இல்லை. வேறு ஊர், வேறு தெரு. இரண்டும் கருவியில் தெளிவாகத் தெரிந்தன.

அந்தப் பெண் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் கதவுப் பக்கத்தை விட்டு உள்ளே வந்தாள்.

"சார், உங்க பேர்ல வேற இடத்துலேர்ந்து வேலை நடந்துக்கிட்டிருக்கு" என்றாள்.

ரங்கமன்னார் பதறவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்கேர்ந்து? உங்க மிஷின்ல வரும்ல?" என்றார்.

யார் என்று கேட்கவில்லை. தன் பெயரைத் திருடி ஒருவன் நாற்பது ஊருக்கு ரிப்போர்ட் அனுப்புகிறான் என்று கேள்விப்படுகிற டாக்டர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். மெஹர் உள்ளங்கையால் கருவியின் திரையை மூடினாள். மூன்று புகார்களும் எதற்காக என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. லைன்மேனிடம் இந்தக் கருவி கிடையாது. இவர் யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, இன்ஸ்பெக்டர் வரும்வரை புகாருக்குமேல் புகார் கொடுத்திருக்கிறார்.

"அங்க இருக்கிறது உங்க வீட்டம்மாவா?"

மெஹர், இது கைத்திருட்டு, நான் பார்த்ததை அப்படியே எழுத வேண்டும், எழுதினால் இன்று மாலைக்குள் உங்கள் பெயரும் அந்தக் கையும் முடக்கப்படும், போலீஸ் அந்த முகவரிக்குப் போகும் என்று சொன்னாள். அவர் தடவிப் பார்த்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஏழு வருடத்துக்கு முன் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. "உங்களை நேரா பார்த்தா, முகம் இருக்கிற இடத்துல ஒரு சாம்பல் கறைதாம்மா. காதுப் பக்கம் பார்த்தா முகம் ஓரத்துல தெரியும்" என்றார். அவருடைய பார்வையைத் தான் தப்பாக எடுத்துக்கொண்டதை நினைத்து மெஹர் கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆனால் சந்தேகம் அதோடு தீரவில்லை.

தமயந்தி அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற டெக்னீஷியனாக இருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டார். டாக்டரின் கண் மங்க ஆரம்பித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்வார். இவர் ரிப்போர்ட் எழுதுவார். கொஞ்ச நாளில் ரிப்போர்ட்டையும் அவரே எழுதினார். கைநடை பதிய அதிகாரிகள் வந்தபோது, அவர்கள் கவனத்தைத் திருப்ப நாலு காகிதத்தைக் காட்டி இவர் பேசிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டியது தமயந்தி.

"வேலை பார்க்கிறது அவதானே. அவ கை பதியறதுதானே சரின்னு தோணிச்சு" என்றார்.

அதற்குப் பிறகுதான் யாரும் யோசிக்காத ஒன்று நடந்தது. தமயந்தி எங்கே போய் எதைத் தட்டினாலும் 'வணக்கம், டாக்டர் ரங்கமன்னார்' என்று வந்தது. பாங்கியில் தமயந்தியின் சொந்தக் கணக்கு திறக்க மறுத்தது. டிக்கெட் போட முடியவில்லை. தமயந்தி என்ற பெயருக்குக் கை இல்லை என்றது.

"அவங்க அஞ்சு வருஷமா எப்படி இருந்தாங்க?"

"எல்லாத்தையும் என் பேர்லயே வாங்கிக் கொடுத்தேனே. என்ன குறை அவளுக்கு?"

அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையாகவே ஆச்சரியம் இருந்தது.

போன மாதம் ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. அனுபவமுள்ள எக்ஸ்ரே டெக்னீஷியன்கள் தேர்வு எழுதினால், முதல்நிலை ரிப்போர்ட் எழுதும் உரிமை கிடைக்கும். தமயந்தி விண்ணப்பிக்க உட்கார்ந்தார். தாங்கள் ஏற்கனவே டாக்டர், தங்களுக்கு இந்தத் தேர்வு தேவையில்லை என்று கம்ப்யூட்டர் பதில் சொன்னது. தன் கையைத் தன் பெயருக்குத் திருப்பிக் கொடுக்கும்படி கணவரிடம் கேட்டார். கொடுத்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம் என்று இவர் மறுத்தார். மூன்று நாள் அந்தப் பேச்சே ஓடியது. நாலாவது நாள் இவர் மதியம் தூங்கி எழுந்தபோது ஆள் இல்லை; தமயந்தியின் அறை பூட்டியிருந்தது.

"அந்த இணைப்பை வெட்டிடுங்கம்மா" என்றார் ரங்கமன்னார். "நான் பேருக்குச் சொந்தக்காரன். நேர்ல இருக்கேன். காகிதம் எல்லாம் இருக்கு. எனக்கு உரிமை உண்டு. வெட்டிட்டா அவளுக்கு வேற வழியில்ல, வந்துடுவா. இல்லாட்டி ஊரை மட்டும் சொல்லுங்க. நான் போய்க் கூட்டிக்கிட்டு வரேன்."

உரிமை உண்டு என்பது சரிதான். விதி அவர் பக்கம் இருந்தது. ஆபீஸில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி மெஹர் வெளியே வந்து, வாசலை விட்டு நாலு படி இறங்கி நின்றாள். ஆபீஸைக் கூப்பிடவில்லை. கருவியில் அந்த இன்னொரு லைனுக்கான தொலைபேசி எண் இருந்தது.

எடுத்தது ஒரு பெண் குரல். தென்னிணையிலிருந்து பேசுகிறேன் என்றாள் மெஹர். "அவர் பக்கத்துல நிக்கறாரா?" என்று கேட்டார்.

இல்லை என்றாள் மெஹர்.

"நான் இருக்கிற இடத்தைச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் சொல்லல."

"ஒரு நிமிஷம் இருங்க. ஒரு நெஞ்சுப் படம் பாதியில நிக்குது."

போனில் தட்டுகிற சத்தம் கேட்டது. வேகமான, தடுமாறாத சத்தம். மெஹர் மேலே பார்த்த கீபோர்டு அந்தச் சத்தத்தோடு பொருந்தியது.

தமயந்தி திரும்பி வந்ததும் மெஹர் கடுமையாகவே பேசினாள். நீங்கள் டாக்டர் இல்லை, நாற்பது ஊர் ஜனங்களுடைய உடம்பைப் பற்றி வேறொருவர் பெயரில் எழுதுகிறீர்கள், ஒரு படம் தப்பிப்போனால் யார் பொறுப்பு என்று கேட்டாள். தமயந்தி தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். வீட்டை விட்டு வந்த முதல் நாள் படம் எதையும் பார்க்காமல் இருந்ததாகவும், சாயங்காலத்துக்குள் எழுபது படம் சேர்ந்துவிட்டதாகவும், அதில் மூச்சுத்திணறலோடு வந்த ஒருவருடைய படமும் இருந்ததாகவும் சொன்னார். அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்தப் பதினோரு நாளும் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் கீழ, 'படம் பார்த்தவர்: தமயந்தி'ன்னு எழுதித்தான் அனுப்பறேன். யாராவது கேட்பாங்கன்னு பார்த்தேன். ஒரு ஆஸ்பத்திரியிலேர்ந்தும் ஒருத்தரும் கேட்கல."

அவர் அடிப்பாரா என்று மெஹர் கேட்டாள். தமயந்தி சின்னதாகச் சிரித்தார். கையை ஓங்கினவர்கூட இல்லை என்றார். பிறகு ஏன் இடத்தைச் சொல்லப் பயப்படுகிறீர்கள் என்றதற்கு, "வாசல்ல வந்து நின்னார்னா நான் கூடப் போயிடுவேன். அதான்" என்றார்.

மெஹருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. பெயருக்கு உரியவர், இந்தக் கை என்னுடையது அல்ல, இன்னாருடையது என்று உறுதிமொழி பதிந்தால் கை விடுபடும். விடுபட்ட கையை ஒரு மணி நேரத்துக்குள் அதன் சொந்தக்காரர் தன் பெயரில் பதிந்துகொள்ளலாம். ஆனால் உறுதிமொழியின் நகல் மருத்துவக் கவுன்சிலுக்குத் தானாகவே போகும். ஐந்து வருட ரிப்போர்ட்டையும் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு பேர் மேலும் கேஸ் வரும். அந்தத் தேர்வை எழுதவிடுவார்களா என்பதும் சந்தேகம். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"வரட்டும்மா" என்றார் தமயந்தி. "கேஸாவது என் பேர்ல வரும்ல."

மெஹர் மேலே போனாள். ஊர்ப்பெயரைச் சொல்லப் போவதில்லை என்று ரங்கமன்னாரிடம் சொன்னாள். கைத்திருட்டு என்று எழுதினால் என்ன ஆகும், உறுதிமொழி பதிந்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் எடுத்துச் சொன்னாள். தெருவில் பழவண்டிக்காரர் ஒலிபெருக்கியில் விலை சொல்லிக்கொண்டு போனார். அது ஓய்ந்த பிறகு, கவுன்சில் முடிவு செய்கிறவரைக்கும் தன் பெயர் தன்னிடம்தானே இருக்கும் என்று கேட்டார். ஆமாம் என்றாள். காலியான பெயருக்குத் தன்னுடைய சொந்தக் கையை இன்றைக்கே பதியலாமா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றாள்.

"சரி, எழுதுங்க" என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. உறுதிமொழியைக் கருவியில் தயார் செய்து வாசித்துக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டு, "நீங்க வாசிக்கிறதுதான் அதுல இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மெஹர் கருவியைக் கீழே வைத்தாள்.

"அவ வாசிக்கட்டும்" என்றார் அவர். "அவ வாசிச்சா நான் தட்டறேன்."

மெஹர் உறுதிமொழியை அந்த லைனுக்கு அனுப்பிவிட்டு, தமயந்தியை மறுபடி கூப்பிட்டு, போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினாள். எங்கே இருக்கே தமயந்தி என்று அவர் கேட்டார். அந்தப் பக்கம் அதற்குப் பதில் வரவில்லை. வாசிக்கும் குரல்தான் வந்தது. மேலும் கீழும் போகாத, அவசரமில்லாத குரல். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அவர் தலையாட்டும் அளவுக்கு நேரம் விட்டு அடுத்த வரிக்குப் போனது. எத்தனையோ ஆயிரம் படங்களை இப்படித்தான் அவருக்குச் சொல்லியிருப்பார். பதிவான நாள், தட்டிய நபர், தட்டச் சொன்னவர். 'மேற்படி கை என்னுடையது அல்ல. அது என் மனைவி தமயந்தியினுடையது.'

"அவ்வளவுதானா? வேற ஏதாவது இருக்கா?" என்று ரங்கமன்னார் கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா இருக்கு."

அவர் தன் பெயரைத் தட்டினார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி முடிக்க நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடமும் போன் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கருவியில், அவர் பெயரில் அங்கே திறந்திருந்த இணைப்பு அணைந்தது. கண்ணுக்கு மருந்து போடுகிறீர்களா என்று தமயந்தி கேட்டார். போடுகிறேன் என்றார் அவர். போன் வைக்கப்பட்டது.

மெஹர் சட்டென்று வேலையில் இறங்கினாள். அவருடைய கையைப் பதிந்தாள். இரண்டு விரல் நடை, தயக்கம் அதிகம், ஆனாலும் அவருடையது. பத்தியை மூன்று தடவை தட்டியதும் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. சிவப்புப் பட்டை மறைந்து, 'வணக்கம், டாக்டர் ரங்கமன்னார்' என்று வந்தது. அவர் முகம் மலர்ந்தது. எட்டு நாளாக இல்லாத இணைப்பு வந்துவிட்டது. புகாரை முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு படம் திறந்தது. நெஞ்சு எக்ஸ்ரே. மூலையில், பெண், வயது நாற்பத்து மூன்று என்று இருந்தது. பக்கத்தில், காத்திருக்கும் படங்கள் இருபத்தாறு. பெயர் இங்கே வந்ததும் அதோடு வரிசையும் இங்கே வந்துவிட்டது.

ரங்கமன்னார் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "ஏம்மா, கொஞ்சம் இங்க வாங்க" என்றார். "இடது பக்கம் கீழ, விலா எலும்புக்கு நடுவுல வெள்ளையா புகை மாதிரி ஏதாவது தெரியுதா பாருங்க."

மெஹர் அவரைப் பார்த்தாள்.

"நான் எழுதிக்கறேன். நீங்க கண்ணுல படறதைச் சொன்னாப் போதும். கீபோர்டைப் பார்த்தே எல்லாத்தையும் கண்டுபிடிச்சவங்க நீங்க. ரெண்டே நாள்ல பிடிபட்டுடும். தமயந்திக்கும் நான் இப்படித்தான் ஆரம்பிச்சு வச்சேன்."

குரலில் வஞ்சகம் எதுவும் இல்லை. இருபத்தாறு பேர் காத்திருக்கிறார்கள் என்ற கவலைதான் இருந்தது. மெஹர் தன்னையறியாமல் திரையை நோக்கிக் குனிந்தாள். விலா எலும்புகள். அவற்றுக்குப் பின்னால் சாம்பல். இடது பக்கம் கீழே வெள்ளையாக ஏதோ இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளைப் பயமுறுத்தியது.

நிமிர்ந்து, கேபிளைப் பிடுங்கினாள். படம் போய்த் திரை வெறுமையானது.

"லைன் போயிடுச்சா?" என்றார் அவர்.

"நான்தான் எடுத்தேன் சார்."

அவர் கோபப்படவில்லை. ஜனங்கள் காத்திருக்கிறார்களே என்று மட்டும் சொன்னார். வேறு டாக்டருக்குப் போகும்படி செய்கிறேன் என்று மெஹர் பதில் சொன்னாள். மோடத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அப்படிச் செய்ய அவளுக்கு எந்த விதியும் அனுமதி தரவில்லை.

படியில் இறங்கும்போதே சேவியரைக் கூப்பிட்டாள். காத்திருக்கும் இருபத்தாறு படங்களையும் ஆஸ்பத்திரிகளின் பொது வரிசைக்கு உடனே திருப்பச் சொன்னாள். காரணம் கேட்டார். நேரில் வந்து சொல்கிறேன், எழுத்திலும் தருகிறேன் என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போது கருவி ஒரு தடவை ஒலித்தது. புதிய கை ஒன்று பதிவாகியிருந்தது. பெயர்: சு. தமயந்தி. தகப்பனார் பெயரின் முதலெழுத்து போலிருக்கிறது. அதற்குக் கீழே ஊரும் தெருவும் இருந்தன. மெஹர் கருவியை அணைத்தாள்.

வண்டியில் சாவியைப் போட்டபோது மேலே திறந்திருந்த சாளரத்திலிருந்து ரங்கமன்னாரின் குரல் கேட்டது. போனில் யாருக்கோ வாடிக்கையாளர் எண்ணைத் தப்பில்லாமல், ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தில்லைநகர், ஒன்பதாவது கிராஸ். ஆமாம், இணைப்பு வரவில்லை. மோடமும் இல்லை. வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பரவாயில்லை, அவர்கள்மேல் புகார் ஒன்றும் இல்லை.

"இந்தத் தடவை வேற ஆளா அனுப்புங்க" என்றார். "கொஞ்சம் கண்ணு நல்லா தெரியறவங்களா."

மெஹர் வண்டியை அணைத்துவிட்டு மறுபடி சேவியரைக் கூப்பிட்டாள். இந்த வீட்டிலிருந்து எப்போது எந்தப் புகார் வந்தாலும் தன்னை மட்டுமே அனுப்ப வேண்டும் என்றாள். அவர் சரி என்று சொல்கிறவரைக்கும் தெருவிலேயே நின்றிருந்தாள்.